கருவறையின் முதல் கட்டளை

சான்பாடாவில் ஹார்பர் ரயிலேறிக் குர்லாவில் வண்டி மாறினால் பரேலை அடையலாம். அங்குள்ள கே.ஈ.எம். மருத்துவமனையில், 1986 ஆகஸ்டு 6ஆம் நாள், உடலுக்கு வெளியே கருவூட்டப்பெற்ற பெண் குழந்தை ஒன்று பிறந்தது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும், பரேலிலேயே உள்ள இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் ஆனந்தகுமாரும் கூடி நிகழ்த்திய அருஞ்செயல் அது. ஆனால் அம்முறைக்கு முட்டையும் விந்தும் முன்னரே இருத்தல் வேண்டும். அவை எங்ஙனம் தோன்றுகின்றன?

ஒருவருடைய முட்டைக்கோ விந்துக்கோ மூலமான உயிரணுக்கள், அவர் தாய் வயிற்றில் கருவாயிருக்கும் முதற்சில வாரங்களிலேயே தனியே ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. தாய்க்கே கருவுற்ற செய்தி தெரியாத காலம் அது. அதை நேரில் காண்டல் அரிது. ஆகவே அறிஞர்கள் ஆய்வுக்கூடத்தில் அதற்கொரு மாதிரியை வளர்க்கலாயினர். 2011இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹயாஷி, சைட்டோ முதலியோர் சுண்டெலியின் மூல உயிரணுக்களை இனவணுக்களின் முன்னோடிகளாக மாற்றினர். அவற்றைச் சுண்டெலியின் விரையில் இட்டு விந்தணுவாக்கிக் குட்டிகளையும் பெற்றனர்.

இம்மாற்றத்தை ஆள்வோருள் சிற்றார்.என்.ஏ.க்களும் உண்டு. கோப்புகளோடு வாழும் எம்மனோர்க்கு இது எளிதில் விளங்கும். டி.என்.ஏ. மூலக்கோப்பு, அதன் நகல் தூது ஆர்.என்.ஏ.; நகலைப் பார்த்தே புரதம் உருவாகிறது. சுமார் 22 எழுத்துகளே கொண்ட நுண் ஆர்.என்.ஏ., நகலில் ஒட்டிக்கொண்டு ‘நிறுத்துக’ என்று குறிப்பெழுதும் அதிகாரியைப் போன்றது. 1993இல் ஒரு சிறு புழுவில் இதன் முதல் வகையைக் கண்டறிந்த ஆம்புரோஸ், ரவ்கன் இருவரும் 2024இல் நோபல் பரிசு பெற்றனர்.

‘லெட்-7’ அத்தகைய அதிகாரிகளுள் ஒன்று. இனவணுவாக மாறும்படி கட்டளையிடும் ‘பிளிம்ப்-1’ என்ற புரதத்தை அது தடுக்கிறது. லெட்-7 முதிர்ச்சியடையாதபடி ‘லின்-28’ என்னும் புரதம் தடுக்கிறது. தடைக்குத் தடை விழுந்தால் வழி திறக்கிறது. 2009இல் அமெரிக்க அறிஞர்கள் சுண்டெலி உயிரணுக்களில் லின்-28ஐக் குறைத்தபோது, இனவணுக்களும் குறைந்தன.

இதனால் நமக்கென்ன? தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பிள்ளையில்லாத வீடுகளில் மருமகள்மீதே பழி விழுவதை நாம் கண்டிருக்கிறோம். அவள் பிறக்குமுன் நடந்த காரியத்திற்கு அவளா பொறுப்பு? குறை ஆணிடத்தும் இருக்கலாம். ஆதலின் இருவருமே சோதனைக்குச் செல்லுதல் முறை.

ஒன்றையும் மறத்தலாகாது. ஆய்வுக்கூட மாதிரி இன்னும் மருந்தன்று. அங்கு வளர்த்த முட்டையினின்றோ விந்தினின்றோ இதுவரை மனிதக் குழந்தை எதுவும் பிறக்கவில்லை. பிறப்பிப்போம் என்று விளம்பரம் செய்து பணம் கேட்பாரை நம்பற்க. இவ்வறிவு காரணத்தை நமக்குக் காட்டத் தொடங்கியிருக்கிறது. காரணம் தெரிந்த வீட்டில் பழிக்கு இடமில்லை.