தாத்தா லுக்கு... தண்ணிக்குத் தாங்குமா?

'மணி பார்க்கத்தான் செல்போன் இருக்கே, அப்புறம் எதுக்கு வாட்ச்?'னு கேட்கிற ஆளா நீங்க? போன மாசம் வரைக்கும் நானும் உங்க கட்சிதான் பாஸ்! ஹாஸ்டல்ல சீனியர் அண்ணா ஒருத்தர் கையில அந்த டைவ் வாட்ச்சைப் பார்க்கிற வரைக்கும்!

கறுப்பு டயல், அதைச் சுத்தி ஒரு வளையம், மஞ்சள் பூத்த புள்ளிகள்... தாத்தாவோட கறுப்பு-வெள்ளை போட்டோவுல இருந்து கழட்டி எடுத்த மாதிரி இருந்துச்சு. "எந்தக் காலத்து வாட்ச்ணே?"ன்னு கேட்டா, "சித்தப்பா வாங்கி ஏழு வருஷம்தான்டா ஆகுது. டிசைன் மட்டும்தான் பழசு"ன்னு சிரிச்சார். அதை விக்கப் போறார்னு தெரிஞ்சதும், ஒரு வருஷம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு மொத்தமும் கை மாறிடுச்சு!

டயல்ல '200 மீட்டர்'னு எழுதியிருக்கே! சனிக்கிழமை நீச்சல்குளத்துல ஒரே டைவ்தான்னு குஷியாகிட்டேன். ஸ்ட்ராப் மாத்தப் போன கடையில ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, பேக் கவரைக் கடைசியா எப்போ திறந்தாங்க?"

பேந்தப் பேந்த முழிச்சேன். செகண்ட் ஹேண்ட் வாட்ச் வாங்கறவங்க முதல்ல கேட்க வேண்டிய கேள்வியே அதுதானாம்! ஏன்னு புரிய, ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக்...

கடல்ல பிறந்த டிசைன்

1953-ல சுவிட்சர்லாந்தின் பிளாங்பான் கம்பெனி 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்'னு ஒரு வாட்ச் கொண்டு வந்துச்சு. பிரெஞ்சுக் கடற்படையோட முக்குளிப்பு வீரர்கள் கட்டின வாட்ச். ஐம்பது ஃபேதம்னா சுமார் 91 மீட்டர் ஆழம். ஜப்பானோட சீக்கோ தன் முதல் டைவ் வாட்ச்சை 1965-ல இறக்குச்சு. அது 150 மீட்டர். அன்டார்டிகா போன ஜப்பான் ஆராய்ச்சிக் குழுவோட கையிலயும் அது இருந்துச்சு. அதே முகச்சாயல்ல 2020-ல சீக்கோவே ஒரு வாட்ச் விட்டுச்சு, இந்த முறை 200 மீட்டர். டியூடர், ஓரிஸ்னு இன்னும் சில கம்பெனிகளும் இப்படித் தங்களோட பழைய ஆல்பத்தைப் புரட்டிட்டுதான் இருக்காங்க.

வளையத்துல ஒரு பாடம்

ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்கு பேட்டரி கிடையாது. உள்ளே அரைவட்டமா ஒரு எடை... ரோட்டார்னு பேர். கை ஆட ஆட அது சுத்தி, ஸ்பிரிங்கை முறுக்கி வைக்கும். கழட்டி வெச்சா ரெண்டு மூணு நாள்ல தூங்கிடும்.

வெளி வளையம் மட்டும் ஒரே திசையில சுத்தும். ஏன்? தண்ணிக்குள்ள இறங்கும்போது வளையத்துல இருக்கிற முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேரா திருப்பி வெச்சுட்டா, எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு பார்த்துக்கலாம். பாறையில இடிச்சு வளையம் நகர்ந்துட்டா? 'அதிக நேரம் ஆயிடுச்சு'ன்னுதான் காட்டும். குறைச்சுக் காட்டவே காட்டாது. ஆள் சீக்கிரமே மேல வந்துடுவார். 'ஃபெயில் சேஃப்'னு ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தினது, எனக்கு இந்த வளையத்துலதான் புரிஞ்சது!

அந்த மஞ்சள் புள்ளிகள்? 1960-கள் வரைக்கும் இருட்டுல ஒளிர ரேடியம் பூசினாங்க. அப்புறம் ட்ரிட்டியம். வயசாக ஆக அந்தப் பூச்சு மஞ்சளாச்சு. இப்போ பூசறதுல கதிரியக்கம் கிடையாது. மஞ்சள் கலரை மட்டும் வேணும்னே சேர்க்கிறாங்க! நிஜமான 1950-கள் வாட்ச் கிடைச்சா உஷார்... ரேடியத்தோட அரை ஆயுள் சுமார் 1,600 வருஷம். வெளிச்சம் அணைஞ்சிருக்கும், கதிர்வீச்சு அணைஞ்சிருக்காது. நீங்களா திறந்து நோண்டாதீங்க!

200 மீட்டர்... என்னிக்கு?

'டைவர்ஸ் 200 மீட்டர்'னு டயல்ல போடணும்னா, ஐ.எஸ்.ஓ. 6425 விதிப்படி ஒவ்வொரு வாட்ச்சையும் 25 சதவிகிதம் கூடுதல் அழுத்தத்துல சோதிக்கணும். ஆனா, அது வாட்ச் பிறந்தப்போ வாங்கின மார்க்! தண்ணியை உள்ளே விடாம தடுக்கிறது பேக் கவர்லயும், சைடுல இருக்கிற கிரவுன் திருகுலயும் உட்கார்ந்திருக்கிற ரப்பர் வளையங்கள்தான். வெயில், வியர்வை, வருஷங்கள்... ரப்பர் இறுகிடும்.

பெரியவர் என் வாட்ச்சை ஒரு மெஷினுக்குள்ள வெச்சார. தண்ணியே இல்லை, வெறும் காத்தழுத்தம். காத்து உள்ளே புகலைன்னா கேஸ் மைக்ரான் கணக்குல நசுங்கி அப்படியே நிக்கும். புகுந்துட்டா பழைய அளவுக்கே திரும்பிடும். என்னோடது... திரும்பிடுச்சு. ஃபெயில்!

திறந்து பார்த்தா, ரப்பர் வளையம் தட்டையாகி, விரிசல் விட்டிருந்துச்சு. குளத்துல குதிச்சிருந்தா, ஒரு வருஷ டியூஷன் காசு நிஜமாவே தண்ணியில போயிருக்கும்! சீனியருக்குப் போன் போட்டேன். "நான் அதை ஒருநாள்கூட நனைச்சதே இல்லையேடா!"ன்னு பதறினார். பாவம், நனைக்காட்டியும் ரப்பருக்கு வயசாகும்னு அவருக்கும் தெரியலை. வளையங்களை மாத்தி, மறுபடி டெஸ்ட் வெச்சு... அரியர் க்ளியர்!

வாங்கப் போறீங்களா?

* வெளி வளையம் முள் சுத்தறதுக்கு எதிர்த்திசையில மட்டும், 'டிக் டிக்'னு சுத்தணும்.
* கிரவுன் திருகு மரை சிக்காம இறுகணும்.
* டயல், முள், மாடல் நம்பர் மூணும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. நாலு வாட்ச் உதிரிகளைச் சேர்த்த 'கதம்பம்' நிறைய உலாவுது.
* வாட்ச்சை லேசா சூடாக்கி, கண்ணாடி மேல ஒரு சொட்டு ஜில் தண்ணி வைங்க. உள்பக்கம் பனி படிஞ்சா, நைஸா நழுவிடுங்க.
* சர்வீஸ், பிரஷர் டெஸ்ட் செலவையும் கணக்குல வெச்சுட்டே பேரம் பேசுங்க.

பழசா தெரியறது பெயின்ட் வேலை பாஸ். நிஜமா வயசாகிறது, கண்ணுக்கே தெரியாத அந்த ரப்பர் வளையம்தான். அதை விசாரிச்சுட்டு வாங்குங்க.

வர்ற சனிக்கிழமை நான் நீச்சல்குளத்துல இருப்பேன்... வாட்ச்சோட!