எண்ணெய் விலை ஏறினால் பீட்சா எவ்வளவு ஏற வேண்டும்? செராசில் ஒரு வீட்டுக் கணக்கு

புதன்கிழமை சாயங்காலம் என்றால் செராஸ்வாசிகளுக்கு இரண்டு வேலை. ஒன்று, தாமான் கோனாட் இரவுச் சந்தைக்குப் போய் வருவது. இன்னொன்று, மறுநாள் எண்ணெய் விலை என்ன என்று கைப்பேசியில் பார்ப்பது. வியாழக்கிழமை நள்ளிரவு 12 மணிக்குப் புதிய விலை வந்துவிடும். அறிவிப்பு வந்ததும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பேச்சு தொடங்கிவிடும். "அண்ணே, எண்ணெய் ஏறிருச்சாம். போய் ஊத்திட்டு வந்துருங்க."

2025 தீபாவளி முடிந்த வாரத்தில் அந்தப் பேச்சு பீட்சாவில் வந்து நின்றது. புரட்டாசி விரதம் முடிந்திருந்ததால் பிள்ளைகள் பீட்சா கேட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா வழக்கமாக வாங்கும் சிறு கடையில் விலை 2 வெள்ளி ஏறியிருந்தது. காரணம் கேட்டதற்கு, "எண்ணெய் ஏறிருச்சு, கேஸ் ஏறிருச்சு, என்னா செய்யிறது அக்கா" என்று பதில் வந்ததாம்.

இது நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய பதில். தோசைக்கும் இதே காரணம், நாசி லெமாக்குக்கும் இதே காரணம். உண்மையில் எண்ணெயும் கேஸும் ஒரு பீட்சாவில் எத்தனை காசு? கணக்குப் போட்டுப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகும்.

எந்த விலை ஏறும், எந்த விலை நிற்கும்?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு மூன்றும் மூன்று தனித்தனிக் கதை.

பெட்ரோல் விலையை நிர்ணயிக்க 1983 முதல் ஒரு முறை இருக்கிறது. சிங்கப்பூர்ச் சந்தையில் விற்கும் சுத்திகரிக்கப்பட்ட எண்ணெயின் சராசரி விலை, அதைக் கொண்டுவந்து விற்கும் செலவு, எண்ணெய் நிறுவனத்தின் பங்கு, நிலையம் நடத்துபவரின் பங்கு எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு லிட்டரின் உண்மை விலை. அந்த விலைக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசாங்கம் உதவித் தொகையாக ஏற்கிறது.

ஏற்ற இறக்கம் நமக்குப் புதிதல்ல. 2008 ஜூனில் ஒரே இரவில் பெட்ரோல் 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசுக்கு ஏறியது பெரியவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. 2020 ஏப்ரலில், நடமாட்டக் கட்டுப்பாட்டு நேரத்தில், ரோன்95 1 வெள்ளி 25 காசு வரை இறங்கியது. அப்போது விலை மலிவாக இருந்தது, போகத்தான் இடமில்லை. 2021 முதல் ரோன்95 நீண்ட காலம் 2 வெள்ளி 5 காசில் நின்றது.

2025 செப்டம்பர் 30 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் பூடி95 திட்டம் வந்தது. மைகாட்டும் செல்லுபடியாகும் வாகன உரிமமும் உள்ள குடிமக்களுக்கு, தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை, ஒரு லிட்டர் 1 வெள்ளி 99 காசு. மற்றவர்களுக்கு உதவித் தொகை இல்லாத விலை. திட்டம் தொடங்கியபோது அது 2 வெள்ளி 60 காசு. புதன்கிழமைகளில் ஏறி இறங்குவது இந்த உதவித் தொகை இல்லாத விலையும் ரோன்97 விலையும்தான். அந்த நள்ளிரவு வரிசையில் நிற்கும் பல மோட்டார்களுக்கு விலை மாறுவதே இல்லை.

டீசல் வேறு. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. பதிவு செய்துகொண்ட சரக்கு லாரிகளுக்கு மட்டும் தனி அட்டை மூலம் பழைய விலை கிடைத்தது.

மூன்றாவது கேஸ். வீட்டுக்கு வாங்கும் கேஸ் தோம்பின் விலை கிலோவுக்கு 1 வெள்ளி 90 காசு. 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு. வீட்டுக்குத் தூக்கி வந்து தரும் கூலி தனி. இந்த விலை 2010 டிசம்பரிலிருந்து மாறவில்லை. ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கான தோம்புக்கு உதவித் தொகை கிடையாது. 2025இல் அதே 14 கிலோ சுமார் 70 வெள்ளி. 'கேஸ் ஏறிருச்சு' என்று கடைக்காரர் சொன்னால், ஒருவேளை அவர் வீட்டுத் தோம்பிலிருந்து வணிகத் தோம்புக்கு மாறியிருக்கலாம்.

அந்த மாற்றத்துக்கும் பின்னணி உண்டு. ஒரே நேரத்தில் 42 கிலோவுக்கு மேல், அதாவது மூன்று தோம்புகளுக்கு மேல், உதவித் தொகை பெற்ற கேஸ் வைத்திருக்கும் வியாபாரிக்கு அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுத் திருத்த விதி சொல்கிறது. 2025 மே 1 முதல் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு 'ஓப் காசாக்' என்ற சோதனை நடவடிக்கையைத் தொடங்கியதும் அங்காடிக்காரர்கள் பயந்து போனார்கள். பிறகு அந்த ஜூன் மாதமே, சிறு உணவு வியாபாரிகள் வீட்டுத் தோம்பைப் பயன்படுத்த அரசாங்கம் இடம் கொடுத்தது. பெரிய கடைகளுக்கும் கடத்தல்காரர்களுக்கும்தான் நெருக்கடி என்று விளக்கமும் வந்தது.

இப்போது பீட்சாவுக்கு வருவோம்

கேஸ் அடுப்பு மணிக்கு அரை கிலோ கேஸ் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 14 கிலோ தோம்பு 28 மணி நேரம் வரும். வீட்டுத் தோம்பு என்றால் மணிக்கு 95 காசு. 70 வெள்ளித் தோம்பு என்றால் மணிக்கு 2 வெள்ளி 50 காசு.

ஒரு பெரிய கடை மணிக்கு 20 பீட்சா சுடுகிறது என்றால், ஒரு பீட்சாவுக்கான கேஸ் செலவு வணிகத் தோம்பிலும் 12 காசைத் தாண்டிக் கொஞ்சம்தான். வீட்டுத் தோம்பைவிட 8 காசுகூட அதிகமில்லை.

ஆனால் சிறு கடையில் மணிக்கு மூன்று பீட்சாதான் போகிறது என்றால்? அடுப்பை அணைத்து அணைத்து மூட்ட முடியாது, சூடு நிற்க வேண்டும். அங்கே ஒரு பீட்சாவுக்கு வீட்டுத் தோம்பில் 32 காசு, வணிகத் தோம்பில் 83 காசு. வித்தியாசம் அரை வெள்ளி.

அடுத்து வீட்டுக்குக் கொண்டு வரும் செலவு. கடையிலிருந்து வீடு 4 கிலோமீட்டர், போக வர 8. சாதாரண கப்சாய் மோட்டார் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் செலவு 200 மில்லி லிட்டர். பூடி95 விலையில் 40 காசு, 2 வெள்ளி 60 காசு விலையில் 52 காசு. வித்தியாசம் 12 காசு. ஒரு புதன்கிழமை 5 காசு ஏறினால், அந்தப் பயணத்தில் கூடுவது ஒரே ஒரு காசு.

ஆகவே எண்ணெயையும் கேஸையும் மட்டும் காரணம் காட்டினால், பெரிய கடை 20 காசுக்கு மேல் ஏற்ற நியாயமில்லை. சிறு கடைக்கு 60, 65 காசு வரை நியாயம் உண்டு. 2 வெள்ளி ஏறியிருந்தால் மீதிக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

வேறு காரணங்களும் உண்மையிலேயே உண்டு. இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை, மாவுக்கான கோதுமை முழுவதும் வெளியிலிருந்துதான் வருகிறது. சீஸும் பெரும்பாலும் இறக்குமதி. 2025 ஆகஸ்டு 1 முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியும் குறைந்தபட்சச் சம்பளமாக 1,700 வெள்ளி கொடுக்க வேண்டும். கடை வாடகையும் இருக்கிறது. கடைக்காரர் இவற்றைச் சொல்லிக் கேட்டால் புரிந்துகொள்ளலாம். ஆனால் 'எண்ணெய்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், எது நியாயம், எது ஆதாயம் என்று நமக்குத் தெரியாமல் போய்விடும்.

மேலே என்ன போடுவது?

விலையைப் பேசி முடித்தாலும் வீட்டில் சண்டை ஓயாது. பீட்சாவின் மேல் என்ன போடுவது என்பதில் நம் வீடுகளில் ஆளுக்கொரு கட்சி.

இத்தாலியின் நாப்போலி நகரத்துக்காரர்களுக்குத் தக்காளி, சீஸ், துளசி போன்ற ஒரு இலை இருந்தால் போதும். அவர்களுடைய பீட்சா சுடும் கலையை 2017இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அன்னாசிப் பழம் போடுவது 1962இல் கனடாவில் குடியேறிய கிரேக்கரான சாம் பானோபூலோஸ் தொடங்கிய பழக்கம். பேர் மட்டும்தான் ஹவாய். இந்தியாவில் பன்னீர். நம் ஊரில் கோழி, இறால், தூனா, கூடவே ஒரு பொட்டலம் சில்லி சாஸ்.

நமக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. இங்குள்ள பெரிய கடைகள் ஹலால் சான்றிதழ் பெற்றவை, பன்றி இறைச்சி இருக்காது. அதனால் பெப்பரோனி மாட்டிறைச்சியிலோ கோழியிலோ செய்யப்பட்டிருக்கும். மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டில், 'பெப்பரோனி' என்று மட்டும் சொல்லி வாங்கிவிட்டுப் பிறகு அம்மா முகம் வாடுவதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். எது என்று கேட்டு வாங்குவது நல்லது. வெள்ளிக்கிழமை விரதக்காரர் வீட்டில் இருந்தால் பாதிக்குப் பாதி வேறு வேறாகப் போடும் கடைகள் உண்டு. சுடும் தட்டும் வெட்டும் கத்தியும் பொதுவாக இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு விஷயம் இங்கே கணக்கோடு சேர்கிறது. மேலே போடும் கூடுதல் சீஸுக்கோ இறைச்சிக்கோ நாம் கொடுக்கும் ஒன்றிரண்டு வெள்ளி, அதைச் சுடும் கேஸையும் சுமந்து வரும் பெட்ரோலையும் விடப் பல மடங்கு. மாதச் செலவைக் குறைக்க நினைக்கும் வீடு, புதன்கிழமை வரிசையைவிட இந்த இடத்தில் அதிகம் மிச்சம் பிடிக்கலாம்.

யாருக்கு உண்மையில் வலிக்கிறது?

வாங்கித் தின்பவருக்குக் காசுக் கணக்கு சிறியதுதான். நாள் முழுக்க ஓடுபவருக்கு அப்படியில்லை. உணவு கொண்டு செல்லும் தம்பி ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓடினால் சுமார் 98 லிட்டர் பெட்ரோல். பூடி95 விலைக்கும் 2 வெள்ளி 60 காசுக்கும் உள்ள வித்தியாசம் மாதம் ஏறக்குறைய 60 வெள்ளி. பெட்ரோல் அவர் சொந்தச் செலவு. உரிமம் காலாவதியாகி, புதுப்பிக்கத் தள்ளிப் போட்டிருந்தால் அந்த 60 வெள்ளி மாதாமாதம் கையை விட்டுப் போகும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தோட்டத்தில் வாழ்நாளெல்லாம் உழைத்து, லயத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்கு வந்தும், இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் நம்மவர்கள். பூடி95 குடிமக்களுக்கு மட்டும் என்பதால் அவர்களுக்கு அந்த விலை இல்லை. தினம் 40 கிலோமீட்டர் மோட்டாரில் வேலைக்குப் போய் வருபவருக்கு, திட்டம் தொடங்கியபோது இருந்த விலையில், மாதம் 16 வெள்ளி கூடுதல். தொகை சிறிதாகத் தெரியலாம். நாற்பது, ஐம்பது வருடம் இந்த மண்ணில் உழைத்த ஒருவர், பக்கத்துப் பம்பில் நிற்பவரைவிட லிட்டருக்கு அதிகம் கொடுக்கும்போது அவருக்கு உறுத்துவது காசு மட்டுமல்ல. குடியுரிமை விண்ணப்பம் பாதியில் நிற்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், தேசியப் பதிவிலாகாவுக்கு ஒரு நடை கூட்டிப் போய் நிலவரம் கேட்பது பிள்ளைகளின் கடமை.

என்ன செய்யலாம்?

வாகன உரிமம் எப்போது முடிகிறது என்று இன்றே பாருங்கள். மைகாட் சிப் தேய்ந்து, இயந்திரத்தில் படிக்காமல் போனால் பதிவிலாகாவில் மாற்றுங்கள். 14 கிலோ வீட்டுத் தோம்புக்கு 26 வெள்ளி 60 காசு, கொண்டு வரும் கூலி எவ்வளவு என்று இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். காரணமில்லாமல் விலை ஏறியதாகத் தோன்றினால், ரசீதை வைத்துக்கொண்டு உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் செய்யலாம். கொள்ளை லாபத்தைத் தடுக்க 2011ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

அதே நேரம், இரவுச் சந்தையில் ஒரே அடுப்பை வைத்து நிற்கும் அக்காவிடம் 50 காசுக்குப் பேரம் பேசும் முன், மணிக்கு மூன்று பீட்சா கணக்கை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறிய கேஸ் விலையை ஆயிரம் பீட்சாவில் பரப்பிவிட பெரிய கடையால் முடியும். அவரிடம் அன்றைக்குப் போவது பதினைந்துதான்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ 65 காசு அவன் சொல்றது சரி, மிச்சத்துக்கு நாளைக்கு நேர்லயே போய்க் கேட்டுர்றேன்" என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "பாதி அன்னாசி, பாதி கோழி. மாட்டுப் பெப்பரோனி வேணாம்னு மறக்காம சொல்லு" என்றார்.