எமர்ஜென்சி ஃபண்டு எவ்வளவு வேணும்? 2,000 வருஷத்துக்கு முந்தின கடிதம் சொல்லுது!

தீபாவளி போனஸ் ஏறியாச்சா? ஓசூர் சிப்காட்ல வேலை பார்க்கிற நிறையப் பேர் இந்நேரம் புது போன், புது பைக்னு கணக்குப் போட்டிருப்பீங்க.

ரோம்லயும் இதே கதைதான். ஒரு டிசம்பர் மாசம், ஊரே பண்டிகைச் செலவுல இருக்கும்போது செனெகா தன் நண்பர் லூசிலியஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். நமக்குக் கிடைச்சிருக்கிற 124 கடிதங்கள்ல அது 18-வது. விஷயம் இதுதான்: மூணு, நாலு நாள் இருக்கிறதுலயே மலிவான சாப்பாடு, முரட்டுத் துணி. அப்புறம், 'இதுக்குத்தானா இவ்வளவு நாள் பயந்தோம்?'னு உங்களையே கேளுங்க.

செனெகா ஸ்டோயிக் தத்துவக்காரர். இந்தத் தத்துவத்தை ஆரம்பிச்ச ஸீனோ, கப்பல் மூழ்கி சரக்கை இழந்த வியாபாரின்னு சொல்லுவாங்க. ஏதென்ஸ்ல 'ஸ்டோவா'ங்கிற தூண் மண்டபத்துல பாடம் நடத்தினார். அதான் இந்தப் பேரு. பின்னாடி வந்த எபிக்டீடஸ் அடிமையா இருந்தவர், மார்க்கஸ் அரேலியஸ் பேரரசர். ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டது ஒரே கேள்வி: எது என் கையில இருக்கு, எது இல்ல?

கான்ட்ராக்ட் புதுப்பிப்பாங்களா, கம்பெனிக்கு ஆர்டர் குறையுமா? நம்ம கையில இல்ல. ஆறு மாசம் சம்பளம் இல்லாம தாங்க முடியுமாங்கிறது, ஓரளவுக்காவது நம்ம கையில இருக்கு.

இப்போ கடிதத்தைக் கணக்கா மாத்துவோம். நாலு நாள் ராகி களி, கீரை, ரசம்னு ரூம்லயே சமைங்க. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போற வீக்கெண்ட் கட். ஒரு நாளைக்கு 100 ரூபாய் ஆச்சுன்னா மாசம் 3,000. ரூம் வாடகைப் பங்கு 4,000, வீட்டுக்கு அனுப்புறது 6,000, பைக் இஎம்ஐ 3,500, ரீசார்ஜ் மாதிரி சில்லறை 500. மொத்தம் 17,000. ஆறு மாசத்துக்கு 1,02,000.

இப்போ மாசம் 26,000 செலவு பண்றவரா இருந்தா, அதே ஆறு மாசத்துக்கு 1,56,000 காட்டும். அதைப் பார்த்தே பல பேர் சேமிப்பை ஆரம்பிக்கிறதே இல்ல. வித்தியாசம் 54,000 ரூபாய்! போனஸ்ல ஒரு பங்கை இன்னைக்கே தனி அக்கவுண்ட்ல எஃப்டி போடுங்க. ஷேர் பக்கம் கொண்டு போகாதீங்க.

ஒண்ணு சொல்லணும். செனெகா நீரோ மன்னனோட ஆலோசகர், பெரும் பணக்காரர். ஊருக்கு உபதேசம்னு அப்பவே திட்டு வாங்கினவர். ஏற்கெனவே ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைச்சு ஊருக்குப் பணம் அனுப்புற தம்பி, தங்கச்சிகளுக்கு இந்தச் சோதனை தேவையே இல்ல. நீங்க இஎம்ஐயைக் குறைக்கிற வழியைப் பாருங்க.

படிக்கணும்னா எபிக்டீடஸோட 'கையேடு'ல ஆரம்பிங்க. அவர் எதையும் எழுதல. மாணவர் ஆரியன் எழுதி வச்சது. 53 சின்னப் பகுதிகள்தான், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாவே கிடைக்கும். கம்பெனி பஸ்ல ரெண்டு, மூணு நாள்ல முடிச்சிடலாம்.