கிளச் பிளேட் மாற்ற முன் ஒரு கேள்வி

பாரம் ஏற்றிய வாகனம் கடுகண்ணாவை ஏற்றத்தில் இழுக்காமல் போனால் எப்படியிருக்கும் என்பதனை அவ்வழியால் கண்டிக்குச் சாமான் கொண்டு செல்லும் வியாபாரிகள் அறிவார்கள். 2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் எனக்கு அது நேர்ந்தது. புறக்கோட்டையில் ஏற்றிய பிளாஸ்டிக் சாமான்கள் வேன் நிறைய இருந்தன. எஞ்சின் கத்துகிறது, வேன் நகரவில்லை. கருகிய வாடை வேறு. ஓரமாக நிறுத்தி, வாடகை லொறி ஒன்றைப் பிடித்துச் சாமானை மாற்றி ஏற்றி, அக்குறணைக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும்போது இரவாகிவிட்டது. இரண்டு கடைக்காரர்கள் வேறிடத்தில் வாங்கிவிட்டார்கள்.

வழமையாகப் போகும் கராஜில், "கிளச் பிளேட் முடிந்துவிட்டது" என்றார்கள். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர்தான் புதுப் பிளேட் போட்டிருந்தோம். "சாரதி கிளச்சில் கால் வைத்தபடியே ஓட்டுகிறார், பிளேட் எப்படி நிற்கும்?" என்பது அவர்கள் சொன்ன காரணம். நான் நம்பினேன். பதினொரு வருடங்களாக என்னிடம் வேன் ஓட்டியவரின் சம்பளத்தில், செலவில் பாதியை மூன்று மாதங்களில் கழித்தேன். "முதலாளி, நான் அப்படி ஓட்டுகிறவன் இல்லை" என்று ஒரு தடவை சொன்னார். அதன் பிறகு ஒன்றும் பேசவில்லை. கழிக்க வேண்டியதைக் கழித்து முடிந்ததும் வேலையை விட்டு நின்றுகொண்டார்.

புதிய சாரதி வந்தார். இரண்டு மாதம் செல்ல முன்னரே அதே வாடை, அதே இழுவைக் குறைவு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓட்டுபவர் மாறியும் நோய் மாறவில்லையென்றால் குற்றம் ஓட்டுபவரிடம் இல்லை.

இம்முறை கழற்றிய பழைய பிளேட்டை நானே கேட்டு வாங்கி, கொழும்பு பஞ்சிகாவத்தைக்குக் கொண்டு போனேன். உதிரிப்பாகக் கடையிலிருந்த வயதான நானா ஒருவர் அதைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "தம்பி, இது தேய்ந்த பிளேட் இல்லை, எண்ணெய் குடித்த பிளேட். ஆணிக்கு மேலே இன்னும் எவ்வளவு தடிப்பு இருக்கிறது பாருங்கள். எஞ்சினுக்குப் பின்னாலிருக்கும் ஒயில் சீலை மாற்றினீர்களா?" என்று கேட்டார். மாற்றவில்லை. யாரும் பார்க்கவுமில்லை. பிளேட்டின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய விலையுள்ள ஒரு ரப்பர் வளையத்துக்காக மூன்று பிளேட்களும், பல நாள் வியாபாரமும், ஒரு நல்ல மனிதரும் போனார்கள்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. புது வாகனத்தின் விலையைக் கேட்டால் பழையதையே ஓட்டுவோம் என்றுதான் எம்மில் பலருக்குத் தோன்றுகிறது. எனவே நான் பணம் கொடுத்துக் கற்றதை, சக வியாபாரிகள் பணம் கொடுக்காமல் கற்றுக்கொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

கிளச் வேலை செய்யும் விதம்

எஞ்சினோடு சுழலும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளச் பிளேட் நெரிபட்டிருக்கிறது. அந்தப் பிடியால்தான் எஞ்சினின் பலம் கியர் பொக்ஸுக்குப் போகிறது. பெடலை மிதித்தால் கேபிள் அல்லது பிரேக் ஒயிலின் அழுத்தம் ரிலீஸ் பெயாரிங்கைத் தள்ளி, அந்தப் பிடியை விடுவிக்கிறது. ஆகவே நோய் இரண்டு வகைதான். பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமை ஒன்று. விட வேண்டிய நேரத்தில் விடாமை மற்றது. இவ்விரண்டில் எது என்று தெரியாமல் கியர் பொக்ஸை இறக்க அனுமதி கொடுக்காதீர்கள்.

பிடிக்காவிட்டால்

ஏற்றத்தில், உயர் கியரில் எக்ஸலேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் கிளச் வழுக்குகிறது. உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. சமதரையில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை நன்றாக இறுக்கி, நான்காம் கியரில் போட்டு, சற்று ரேஸ் கொடுத்துப் பெடலை விடுங்கள். கிளச் நன்றாக இருந்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் வழுக்குகிறது. இதனை ஒரு தடவை மட்டும் செய்யுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே பிளேட்டை எரித்துவிடும்.

வழுக்கினாலும் உடனே பிளேட்டைக் குறை சொல்லாதீர்கள். பெடலில் கையால் அழுத்தும்போது ஆரம்பத்தில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். அதன் அளவு வாகனத்தின் கைநூலில் உண்டு. கேபிள் வாகனங்களில் அத்தளர்வு இல்லாவிட்டால் கிளச் எப்போதும் அரைவாசி மிதிபட்டபடியே இருக்கும். ஸ்பேனரால் சரிசெய்யும் வேலை அது. அடுத்து, எஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பாகத்தில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். கருத்த எஞ்சின் ஒயில் என்றால் எஞ்சினின் பின் சீல். கந்தக வாடையுள்ள தடித்த ஒயில் என்றால் கியர் பொக்ஸின் முன் சீல். எங்களது வேனின் அடியில் அந்தக் கறை ஆரம்பம் முதல் இருந்தது. பழைய வாகனம் என்றால் கசியத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம்.

விடாவிட்டால்

எஞ்சின் ஓடும்போது கியர் விழாமல் கரகரக்கிறது, முக்கியமாக ரிவர்ஸ். எஞ்சினை நிறுத்தினால் இலகுவாக விழுகிறது. அப்படியென்றால் கிளச் முழுதாக விடவில்லை. பெடலை இரண்டு மூன்று தரம் அடித்த பின் கியர் விழுந்தால் சந்தேகம் மேலே, ஒயில் வழியில். குழாயில் காற்று புகுந்திருக்கும் அல்லது சிலிண்டர் ரப்பர் பழுதாகியிருக்கும். ஒயில் போத்தலின் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் பெடலுக்குப் பின்னாலும், கியர் பொக்ஸ் பக்கத்திலுள்ள சிறிய சிலிண்டரின் ரப்பர் மூடிக்குள்ளும் ஈரம் இருக்கிறதா என்று தேடுங்கள். வெளியே ஈரமில்லாமலும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் கசியலாம். முதலாம் கியரில் பெடலை மிதித்தபடி வைத்திருக்க, சிறிது நேரத்தில் வாகனம் தானாக நகரப் பார்த்தால் அது அதன் அடையாளம். இவற்றுக்குக் கியர் பொக்ஸை இறக்கத் தேவையில்லை. அந்தப் போத்தலில் வாகனத்துக்குக் குறிப்பிட்ட பிரேக் ஒயிலைத் தவிர எஞ்சின் ஒயிலை ஊற்றிவிடாதீர்கள். ரப்பர்கள் ஊதிப் பழுதாகிவிடும்.

சத்தமும் நடுக்கமும்

பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பெயாரிங். நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது சத்தம் இருந்து, மிதித்ததும் நின்றால் கியர் பொக்ஸின் உள் பெயாரிங்கைச் சந்தேகியுங்கள். புறப்படும்போது வாகனம் நடுங்கினால் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் உடைந்திருந்தாலும் அதே நடுக்கம் வரும். ரப்பரைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.

இறக்கத்தான் வேண்டுமென்றால்

கியர் பொக்ஸை இறக்கும் கூலியே பெரியது. இறக்கிய பின் பிளேட்டை மட்டும் மாற்றுவது சிக்கனமல்ல. பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பெயாரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். பிளைவீலின் முகத்தில் வெடிப்போ நீலத் தழும்போ இருக்கிறதா என்று பாருங்கள். பின் சீலில் சிறு ஈரம் கண்டாலும் அப்போதே மாற்றிவிடுங்கள். பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆணி வரை தேய்ந்த பிளேட் தன் ஆயுளை முடித்த பிளேட். தடிப்பாக இருந்து எண்ணெய் மினுங்கும் பிளேட், குற்றவாளி வேறிடத்தில் இருக்கிறான் என்று சொல்கிறது. "என்ன பழுது?" என்று மட்டும் கேட்காமல், "ஏன் பழுதானது?" என்றும் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.

சீல் மாற்றிய பின் அந்த வேன் அதே பிளேட்டில் இன்றும் கடுகண்ணாவை ஏறுகிறது. பழைய சாரதியின் வீட்டுக்குப் போய், கழித்த பணத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். தேநீர் தந்தார், பணத்தை எண்ணாமலே பையில் வைத்துக்கொண்டார். மீண்டும் வரச் சொன்னேன். "இப்போது வேறொருவருக்கு ஓட்டுகிறேன் முதலாளி" என்றார். அவர் கழுவித் துடைத்து வைத்திருந்த வேனை இப்போது நானே துடைக்கிறேன்.