பால்புதுமையினர் அமைத்துக்கொண்ட ஆதரவுச் சமூகமும் தமிழ்ச் சொற்களும்

மயிலாப்பூர் என்றவுடன் இறையியல் மாணவர்க்கு நினைவில் எழுவன சாந்தோம் பேராலயமும் தோமாவைப் பற்றிய மரபுமே. அதே மயிலாப்பூரின் சி.ஐ.டி. காலனியில், கவிக்கோ அப்துல் ரகுமானின் பெயர் தாங்கிய மன்றத்தில், 2018 ஜூலையில் ஓர் இலக்கிய விழா நடைபெற்றது. எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் பதிப்பாளரும் வாசகரும் கூடிப் பேசினர். வெளித்தோற்றத்தில், சென்னையில் அடிக்கடி நடைபெறும் நூல் வெளியீட்டுக் கூட்டங்களினின்று அது வேறுபட்டதன்று. எனினும் அதைக் கூட்டிய 'குயர் சென்னை கிரானிக்கிள்ஸ்' குழுவினர், தன்பாலீர்ப்புடையோர், திருநங்கையர், திருநம்பியர் முதலியோரை ஒருங்கே குறிக்கும் 'பால்புதுமையினர்' என்னும் சொல்லுக்குள் தம்மை வைத்துக்கொண்டவர்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அன்று முழு வலிமையோடு நடைமுறையில் இருந்தது. வயதுவந்தோர் இருவர் மனமொத்து வாழ்தல் குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் நாளில்தான்.

சட்டத்தால் குற்றவாளிகளாகக் கருதப்பட்டோர், வழக்காடு மன்றத்திற்குச் சென்றதோடு நில்லாமல், நூல்களைப் பற்றிப் பேச ஒரு மண்டபத்தையும் நாடியது ஏன்? இக்கேள்வியைத் தவிர்த்துவிட்டு அவர்களுடைய சமூக வாழ்வை நாம் விளங்கிக்கொள்ள இயலாது.

ஓர் இளைஞன் தன் நிலையைத் தன் தாயிடம் எடுத்துரைக்க விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கற்ற ஆங்கிலச் சொல் தாய்க்கு விளங்காது. தாய்க்கு விளங்கும் தமிழ்ச் சொல்லோ பெரும்பாலும் தெருவில் வீசப்படும் வசைச்சொல். தன்னை வைதுகொள்ளாமல் தன்னைப் பற்றிப் பேச அவனுக்கு மொழியில்லை. இவ்வறுமையை நேரில் அறிந்தோரே சென்னையில் 2003ஆம் ஆண்டளவில் ஒரு சிறு ஆதரவுக் குழுவாக இணைந்தனர்; பின்னர் அதுவே 'ஓரினம்' என்னும் பெயர் பெற்றது. சம்பளம் பெறும் அலுவலர் எவருமின்றித் தொண்டர்களால் நடத்தப்பெறும் இக்குழு, தமிழிலும் ஆங்கிலத்திலும் கவிதைகளையும் அனுபவக் கட்டுரைகளையும் பெற்றோருக்கான விளக்கங்களையும் இணையத்தின் வழியே வெளியிட்டது. பெயரையும் முகத்தையும் மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தோர்க்கு அவ்வழி ஒரு மறைவிடமாயிற்று. ஆனால் மறைவிடம் வேறு, வீடு வேறு. திரையில் கண்ட எழுத்தை எழுதியவரை நேரில் கண்டு, அவரும் காய்கறி வாங்கி, வாடகை கொடுத்து, தாயின் நோய்க்காகக் கலங்கும் மனிதரே என்று அறியும்போதுதான் தனிமையின் கட்டு அவிழத் தொடங்குகிறது. ஆகவே நேர்முகச் சந்திப்புகளும் தொடர்ந்தன. 2009 ஜூனில் மெரினாக் கடற்கரையில் சென்னையின் முதல் வானவில் பேரணி நடைபெற்றது.

படைப்பாளர்க்கு இச்சமூகத்தில் தனியிடம் உண்டு. நம் திரைப்படங்கள் நெடுங்காலம் இவர்களை நகைப்புக்குரியவராகவே காட்டின. திருநங்கையர் தாமே எழுதிய ரேவதியின் 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா' ஆகிய நூல்கள் அவ்வழக்கத்தை மறித்தன. பிறகு வித்யா முதலியோர் 'பன்மை' என்னும் நாடகக் குழுவையும் அமைத்தனர். தன்பாலீர்ப்புடைய ஆண் ஒருவர் தம்மை வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு தமிழில் எழுதிய நூலாகிய கிரீஷின் 'விடுபட்டவை' 2018இல் வெளிவந்தது. தலைப்பே பாதிச் செய்தியைச் சொல்லிவிடுகிறது. பிறரால் பேசப்பட்டோர் தாமே பேசுவோராக மாறுவதற்கு இலக்கியம் வேண்டியிருந்தது என்பதே மேற்கண்ட கேள்விக்கு விடை.

சொல்லைப் பற்றிய இம்முயற்சி வீண்போகவில்லை. 2008இல் தமிழ்நாடு அரசு திருநங்கையருக்கென நல வாரியம் அமைத்தது; 'திருநங்கை' என்னும் மதிப்புமிகு சொல்லும் அரசு வழக்காயிற்று. 2022 ஆகஸ்டில், சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாக, இவர்களைக் குறிக்கும் தமிழ்ச் சொற்பட்டியலை அரசு வெளியிட்டது. அவ்வழக்கின் வரலாறு நம் கவனத்திற்குரியது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரு பெண்கள் தொடுத்த வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலார் ஒருவரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்த பின்னரே 2021 ஜூன் 7இல் தம் ஆணையை வழங்கினார். பிரசங்க பீடத்தில் ஏறுமுன் இவ்வாறு செய்தோர் நம்மில் எத்தனை பேர்?

சொற்களைப் பற்றிப் பேசுகையில் நம் வேதாகமத்தையும் நோக்க வேண்டும். ஏசாயா 56ஆம் அதிகாரத்தில் 'அண்ணகன்' என்னும் சொல் நம் பழைய திருப்புதலில் உண்டு. ஆனால் அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்பு சந்தித்த எத்தியோப்பியரைக் கிரேக்க மூலம் அதே பொருளுடைய சொல்லால் குறிக்க, நம் திருப்புதல் அவரை 'மந்திரி' என்கிறது. அரண்மனைப் பதவியை அச்சொல் குறிப்பதுண்டாகையால் மொழிபெயர்ப்பாளரை முற்றிலும் குறைகூற இயலாது. எனினும், ஏசாயாவின் சுருளை வாசித்துக்கொண்டிருந்த அம்மனிதர் யாரென்பது தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ச் சபையாருக்குத் தெரியாமற்போயிற்று. ஏசாயா 56இன் வாக்குத்தத்தம் அவரைப் போன்றோர்க்கே உரியது என்ற தொடர்பும் அதனோடு மறைந்தது.

ஆயர்ப் பணியில் இப்பொருள் பெரும்பாலும் பெற்றோர் வடிவிலேயே வருகிறது. கலங்கிய தந்தை, பிள்ளையைக் கையோடு அழைத்து வந்து, 'ஜெபித்து மாற்றிவிடுங்கள், ஐயா' என்பார். பாலீர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சையை 2021ஆம் ஆண்டின் ஆணை தடைசெய்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதனை மருத்துவருக்குரிய ஒழுக்கக்கேடாக அறிவித்தது. இவ்விதிகள் மருத்துவரை நோக்கியவை என்று கூறி நாம் ஒதுங்கலாகாது. மருத்துவர் கைவிட்டதை ஆயரிடம் எதிர்பார்த்தே அத்தந்தை வருகிறார். பிள்ளை தனிமையில் சொன்னதைப் பெற்றோரிடமும் சபைக் குழுவிடமும் வெளியிடாதிருத்தல் முதற்கடமை. வீட்டைவிட்டுத் துரத்தப்படும் அபாயம் உண்டா என்று விசாரித்தல் அடுத்தது. அதன்பின், அப்பிள்ளை தன்னைப் போன்றோரைச் சந்திக்கும் குழுக்களை அறிந்து சொல்லலாம். தந்தைக்கோ தமிழில் வாசிக்க ஏதேனும் கொடுக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் கொடுப்பதற்கு மிகச் சிலவே இருந்தன. இன்று உண்டு, இலக்கிய மண்டபங்களிலும் இணையத்திலும் அவற்றை எழுதிச் சேர்த்தோர், ஆயரிடம் அழைத்து வரப்பட்ட பிள்ளைகளாகவும் ஒரு காலத்தில் இருந்திருக்கக்கூடும்.