வயிறு தன்னைத் தானே ஏன் செரித்துக்கொள்வதில்லை?

ஆட்டுப் போட்டியை விரும்பிச் சாப்பிடுகிறோம். அது ஆட்டின் இரைப்பைதான். நம் வயிற்றுக்குள் போன சில மணி நேரத்தில் அது கூழாகிவிடுகிறது. அப்படியானால் அதைச் செரிக்கும் நம் இரைப்பை மட்டும் எப்படிக் கரையாமல் இருக்கிறது?

இரைப்பையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் நீர் சுரக்கிறது. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதத்தை உடைக்கும் பெப்சினும் இருக்கின்றன. இவற்றிலிருந்து காக்க, இரைப்பையின் உட்சுவர் முழுவதும் வழவழப்பான ஒரு சளிப்படலம் பூசப்பட்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அந்தப் படலத்துக்குள் பைகார்பனேட் என்ற காரப்பொருள் ஊறிக்கொண்டே இருக்கும். அதனால் படலத்தின் மேற்புறத்தில் கடும் அமிலம் இருந்தாலும், அடியில் சுவரைத் தொடும் இடத்தில் அமிலத்தன்மை அநேகமாக இருப்பதில்லை. சுவரின் மேல்வரிசைச் செல்களும் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தக் காவல் உடையும் இடத்தில்தான் அல்சர் எனும் புண் உண்டாகிறது. இரைப்பையிலும் வரும், அதை அடுத்த முன்சிறுகுடலிலும் வரும்.

காரமும் கவலையும் பட்டினியும்தான் காரணம் என்று மருத்துவர்களே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் அதை மாற்றினார்கள். நோயாளிகளின் இரைப்பையில் சுருள் வடிவக் கிருமி ஒன்றைக் கண்ட அவர்கள், 1982ல் அதை ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தார்கள். யாரும் நம்பவில்லை. 1984ல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த நீரைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி, யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு சளிப்படலத்துக்குள் குடியேறிவிடுகிறது. அது இருக்கிற எல்லோருக்கும் புண் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பெரிய காரணம் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. டைக்ளோபினாக், ஐபுபுரூபன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள். சளியையும் பைகார்பனேட்டையும் சுரக்கவைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். மூட்டில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதும் அதே வகைப் பொருள்தான். மாத்திரை இரண்டு இடத்திலும் அதை அடக்கிவிடுகிறது. இரத்தத்தின் வழியாகவும் இது நடப்பதால், ஊசியாகப் போட்டாலும் ஆபத்து உண்டு. சாப்பிட்ட பிறகு போட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. முட்டுவலிக்கென்று மாதக்கணக்கில் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் உம்மாக்களும் வாப்பாக்களும் எத்தனை பேர்! அவர்களே “அல்சர் வந்துவிடும்” என்று நோன்பை விடுவதுதான் வேடிக்கை. இதய நோய்க்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

பசித்திருப்பதால் மட்டும் நல்ல வயிற்றில் புண் உண்டாவதில்லை. ஆனால் ஆறாத புண் இருப்பவர், சமீபத்தில் இரத்தம் கசிந்தவர் நிலை வேறு. மருத்துவர் வேண்டாம் என்றால் நோன்பைப் பிறகு நிறைவேற்றிக்கொள்ள நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. தயங்காமல் ஏற்கலாம்.

கிருமி இருப்பது பரிசோதனையில் உறுதியானால், அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு கிருமிக்கொல்லிகளையும் பெரும்பாலும் 14 நாட்கள் தருவார்கள். சில நாட்களிலேயே வலி போய்விடும், கிருமி போயிருக்காது. பாதியில் நிறுத்துகிறவர்களுக்குப் புண் திரும்பி வருகிறது.

வலி மாத்திரையால் வரும் புண், முதியவர்களிடம் வலியே காட்டாமல் இருந்து திடீரென இரத்தம் கசியும். மலம் தாரைப் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் போகும். காப்பித் தூள் நிறத்தில் வாந்தி வரலாம், தலை சுற்றும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்றாலும், இப்படிப் பிசுபிசுக்காது. சந்தேகம் இருந்தால் விடியட்டும் என்று காத்திராமல் இரவோடு இரவாக மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். அவர் விழுங்கிவந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.