உங்களுக்குத் தெரியுமா? படத்துக்குள் ஒரு சான்றிதழ்

'ஓப்பன் பேட்ஜ்' என்பது வெறும் படம் அல்ல. யார் வழங்கியது, யாருக்கு, எந்தத் திறனுக்காக என்ற விவரங்களை அந்தப் படக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கலாம்! மோசில்லா 2011-இல் அறிவித்த முறை இது. மொழி கற்பவர்களின் திறனைக் காட்டவும் இப்படிச் சில வழிகள் உண்டு:

• ஐதராபாத் அமீர்பேட்டில், மைத்ரிவனம் பக்கம் விடுதியில் தங்கி மென்பொருள் படிக்கும் தமிழ் இளைஞருக்குக் கடைவீதியில் தெலுங்கும் வேண்டும். அதற்கும் வழி பிறந்தது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2021-இல் 'பாஷா சங்கம்' செயலியைக் கொண்டுவந்தது: 22 மொழிகள், ஒவ்வொன்றிலும் 100-க்கு மேற்பட்ட அன்றாட வாக்கியங்கள். தேர்வில் தேறினால் டிஜிட்டல் சான்றிதழ். அந்தச் சான்றிதழுடன் செல்ஃபி எடுத்துப் பகிரும் இயக்கமும் நடந்தது. அருமையான யோசனை!

• மொழி கற்பவர் தம் கற்றலைப் பதிந்துவைக்கும் ஐரோப்பிய கவுன்சிலின் மொழித் தொகுப்பேட்டில் மூன்று பகுதிகள்: மொழிக் கடவுச்சீட்டு, கற்ற வரலாறு, சொந்தப் படைப்புகள்.